சம்பந்திகள் போன சுற்றுலா

மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்து சுற்றுலா டிக்கெட்டை நீட்டியபோது கடைக்காரம்மா முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. "கடையை யார் பாத்துக்கறது?" என்றாள். அவளுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. புருஷன் போன பிறகு தனியாளாக நடத்தி வருகிறாள். பிரேம் காட்டுவது, லென்ஸ் பொருத்துவது, ஆடுகிற திருகை முடுக்கிக் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

"மூணு நாள் பூட்டிக் கிடந்தா ஊர்ல யாருக்கும் பார்வை போயிடாதும்மா" என்றாள் மகள்.

"யார் கூடப் போகணும்?"

"அத்தை கூட."

கடைக்காரம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டீச்சரம்மா. அவர் கணவருக்கு பஸ் வாசனை பட்டாலே குமட்டும், அதனால் எங்கும் வரமாட்டார். கல்யாணம் முடிந்ததிலிருந்து சம்பந்திகள் இருவரும் ஒரு பகல் பொழுதுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. பகை என்று சொல்ல முடியாது. ஒட்டவில்லை, அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் இரண்டு பேரையும் ஜோடி போட்டு அரண்மனை, தோட்டம், கோட்டை என்று அனுப்புவானேன்? கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் எங்கதான் போயிருக்கீங்க?" என்று பதில் வந்தது. இதற்கு மேல் முரண்டு பிடித்தால் நன்றாக இருக்காது என்று பெட்டியைக் கட்டினாள்.

பஸ்ஸில் டீச்சரம்மா ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார். கைடுக்குச் சின்ன வயசு. தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில். கூட்டத்தில் யாராவது பின்தங்கினால் அதை ஊதுவான். டீச்சரம்மா ஏறிய சற்று நேரத்திலேயே, "தம்பி, அந்த விசிலை இங்க ஊதாதீங்க, தலை வலிக்குது" என்று அடக்கி வைத்துவிட்டார். அடங்கியது கைடு மட்டுமல்ல, பின்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்களும்தான்.

முதல் நாள் அரண்மனை மியூசியம். அங்கேதான் கடைக்காரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. டீச்சரம்மா ஒரு பொருளுக்குப் பக்கத்தில் போய் நின்றால், அதன் கீழே ஒட்டியிருக்கும் அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். அதுவும் வாய்விட்டு. வாள், கேடயம், பல்லக்கு, ராணியின் சீப்பு, ராஜா உட்கார்ந்த நாற்காலி, அந்த நாற்காலியைச் செய்த மரம், அந்த மரம் வந்த கப்பல் என்று ஒன்றையும் விடவில்லை. கடைக்காரம்மாவோ ஒவ்வொரு அறையிலும் உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, உட்கார இடம் இருக்கிறதா என்று தேடுகிறவள்.

"அதுக்குள்ள பாத்து முடிச்சிட்டீங்களா?" என்றார் டீச்சரம்மா.

"பாத்தாச்சே. வாள் இருக்கு, கூரா இருக்கு."

"எந்த நூற்றாண்டுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுக்கிட்டு நான் யார் கூட சண்டைக்குப் போகப் போறேன்?"

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "உங்க பொண்ணும் இப்படித்தான். எதையும் முழுசாப் படிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்கு நகர்ந்தார். கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. என் மகளைப் பற்றி இவங்க என்ன சொல்வது என்று வாய் வரை வந்தது. மூன்று நாள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் தோட்டம். பொழுது போகாத ஏதோ ஒரு ராணிக்காகப் போட்டதாம். கண்ணுக்கு எட்டிய தூரம் பூப்பாத்தி. அதன் ஒரு கோடியில், ஆளுயரத்துக்கு மேல் வளர்த்து மதில் மாதிரி வெட்டிவிட்ட செடி வேலிகள். அந்த வேலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது பாதை. பாதி இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், திரும்பி வர வேண்டும். எப்படியாவது நடுவில் இருக்கும் சின்ன முற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஜெயித்த மாதிரி. குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சம்பந்திகளும் போனார்கள்.

முதல் பிரிவிலேயே தகராறு. டீச்சரம்மா வலது பக்கச் செடியைத் தொட்டபடியே போக வேண்டும் என்றார். அதற்கு ஒரு விதி இருக்கிறதாம், படித்திருக்கிறாராம். கடைக்காரம்மா, பிள்ளைகள் சத்தம் இடது பக்கம் கேட்கிறது, அங்கேதான் நடு முற்றம் என்றாள்.

"வழி தெரியலைன்னா கேக்கணும், இல்ல விதிப்படி போகணும். உங்க வீட்ல ரெண்டும் பழக்கமில்ல போல."

"உங்க பையன் ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டே இருப்பாரு. அதுக்கு இது மேல்."

டீச்சரம்மா வலது பக்கம் திரும்பினார். கடைக்காரம்மா இடது பக்கம் திரும்பினாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரம்மாவுக்குத் திசை தப்பிவிட்டது. எங்கே திரும்பினாலும் பச்சை. பிள்ளைகளின் சத்தம் ஒரு சமயம் முன்னால் கேட்டது, ஒரு சமயம் முதுகுக்குப் பின்னால். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. மகள்.

"அம்மா, அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள். இந்த வயசில் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போன கதையை மகளிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உக்காந்திருக்கியா?"

"என்ன விஷயம், சொல்லு."

"நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. அவரும் இப்ப அத்தைக்குப் போன் பண்றாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கும்போது, ஒரே நேரத்துல சொல்லணும்னு நெனச்சோம். தனியா இருந்து கேட்டா தாங்க மாட்டீங்கன்னு..."

கடைக்காரம்மா செடியைப் பிடித்துக்கொண்டாள். வெட்டிவிட்ட குச்சிகள் உள்ளங்கையில் குத்தின.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு போன் அடித்தது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம், நடுவில் அடர்ந்த இலை. டீச்சரம்மாவின் குரல், "சொல்லுடா, இங்க டவர் சரியா கிடைக்கல" என்று எப்போதும் போல் கணீரென்று தொடங்கியது. பிறகு, "என்னடா சொல்ற?" என்றது. கடைசியில், "நான் ஏதாவது பண்ணிட்டேனாடா?" என்று கேட்டது. பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரு அதட்டலில் உட்கார வைத்த குரல் இத்தனை சின்னதாகக் கூட ஆகும் என்று கடைக்காரம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மா? கேக்குதா?" என்றாள் மகள்.

"கேக்குது. நான் அப்புறம் பேசறேன்."

அவள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு சும்மா நின்றாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மகள் பதினைந்து நாளாகத் தினமும் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனது மட்டும் ஞாபகம் வந்தது.

"சம்பந்தி?" என்றது வேலி.

"இங்கதான் இருக்கேன்."

"எங்க?"

"இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அப்படியே நில்லுங்க. நான் வரேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரிந்தால்தானே. நடந்தாள், முட்டினாள், திரும்பினாள். தோட்டத்து மேடை மேல் ஏறி நின்ற சிவப்புத் தொப்பி இவர்களைக் கவனித்துவிட்டு, "அம்மா, லெஃப்ட்! உங்க லெஃப்ட்டும்மா, என் லெஃப்ட் இல்ல!" என்று கத்தினான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வேடிக்கையாகத்தான் கத்தினான், விசிலும் ஊதினான். இந்த முறை அவனை யாரும் அதட்டவில்லை.

ஒரு வழியாக இருவரும் நடு முற்றத்தில் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு கல் பெஞ்சு. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, ஒரு போட்டோ" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள். கடைக்காரம்மா வாங்கி எடுத்துக் கொடுத்தாள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று வேறு சொன்னாள். சொன்ன பிறகுதான் என்னவோ போலிருந்தது.

டீச்சரம்மா கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தார். பிறகு அது தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நொறுங்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் டீச்சரம்மா, எழுந்திருக்காமல்.

"தெரிஞ்சிருந்தா உங்க கூட வந்து இந்த வெயில்ல சுத்துவேனா?"

"என் பையன் மேல ஏதாவது குத்தமா?"

கடைக்காரம்மாவிடம் சொல்வதற்குக் குத்தம் இல்லாமலில்லை. வளைகாப்பு இன்னும் இல்லையா என்று ஊரே கேட்டபோது வாயைத் திறக்காத மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்த மாப்பிள்ளை என்று மனசுக்குள் சேர்த்து வைத்ததெல்லாம் இருந்தது. எதிரே டீச்சரம்மா கண்ணாடியில்லாத வெறும் முகத்தோடு, மூக்கின் இரு பக்கமும் பதிந்த தழும்போடு, தன்னைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியல சம்பந்தி. எழுந்திருங்க, பின்னாடி கண்ணாடி குத்திடப் போகுது."

உடைந்ததை எடுத்துப் பார்த்தாள். ஒரு லென்ஸ் தூள், பிரேம் இரண்டாக முறிந்திருந்தது. "கடையா இருந்தா உடனே போட்டுக் கொடுத்துருவேன். இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலம் விடுதி அறையில் இருவரும் ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று பேச்சு வந்தது. போய் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. போய் நின்றால் சமாதானம் பண்ண வந்தது போல ஆகிவிடும், பிள்ளைகள் அதை விரும்பவில்லை.

"இனிமே உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?" என்று டீச்சரம்மா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் டூர் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் சம்பந்தின்னே கூப்பிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்றாம் நாள் கோட்டை. டீச்சரம்மாவுக்குப் படி மங்கலாகத் தெரிந்தது, அட்டை சுத்தமாகத் தெரியவில்லை. முதல் பீரங்கிக்கு எதிரே போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார், பிறகு பேசாமல் அடுத்ததுக்கு நகர்ந்தார். இது கடைக்காரம்மாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அட்டைக்குப் பக்கத்தில் போனாள்.

"இந்தப் பீரங்கி... இதன் நீளம்... வெண்கலத்தால்... அவ்வளவுதான்."

"நடுவுல விட்டுட்டுப் படிக்கறீங்க."

"எப்படித் தெரியும்?"

"எத்தனை பிள்ளைங்களைப் படிக்க வச்சுக் கேட்டிருக்கேன்!"

திரும்ப முதலிலிருந்து படித்தாள். அடுத்த அட்டையையும் படித்தாள். முற்றுகை, பஞ்சம், உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்ட தளபதி. படிக்கப் படிக்கக் கொஞ்சம் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளவில்லை. மதில் மேல் ஏறியபோது டீச்சரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே ஆறு, வயல், பஸ் நின்ற மைதானம் எல்லாம் தெரிந்தன. என்ன தெரிகிறது என்று கேட்டார், இவள் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி அன்று முழுவதும் ஒரு பேச்சு எழவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நடக்க வேண்டியது நடந்தது. மகள் பெட்டிகளோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். "சண்டை எதுவும் இல்லம்மா. ஒரே வீட்ல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருந்தோம். அது போதும்னு தோணிச்சு" என்றாள். அம்மாவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. இருந்தாலும் மேற்கொண்டு தோண்டவில்லை. மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்தே விவாகரத்து மனு கொடுத்தார்கள், தீர்ப்பும் வந்தது.

டீச்சரம்மா கண்ணாடிக்கு வேறு கடைக்குப் போயிருப்பார் என்றுதான் கடைக்காரம்மா நினைத்திருந்தாள். ஒரு நாள் மதியம் ஆள் குறைந்த நேரத்தில் அவரே படியேறி வந்தார். கால் முறிந்த பழைய கண்ணாடி ஒன்றை ஒட்டுப் போட்டு மாட்டியிருந்தார். கல்லாவில் மகள் இருந்தாள். எழுந்து நின்றாள்.

"இளைச்சுட்டியே" என்றார் டீச்சரம்மா.

"இல்ல அத்தை" என்றாள் மகள்.

கடைக்காரம்மா அளவெடுத்தாள், பிரேம் காட்டினாள், லென்ஸ் வெட்டிப் பொருத்தினாள். மாட்டிவிட்டு, காதோரம் அழுத்துகிறதா என்று கேட்டாள். அழுத்தவில்லை என்றார். சுவரில் தொங்கிய அட்டையின் கடைசிப் பொடி எழுத்தைத் தடுமாறாமல் படித்தார். பிறகு திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

புதுக் கண்ணாடியில் முதலில் தரை கிட்டே வருகிற மாதிரி இருக்கும், படி இறங்கும்போது பார்த்து இறங்க வேண்டும். "அத்தையை நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடறேம்மா" என்று மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்குள்ளிருந்து பார்த்தால் தெருவுக்கு எதிரே பஸ் ஸ்டாப் தெரியும். இருவரும் நின்றார்கள். டீச்சரம்மா ஏதோ கேட்டார், மகள் தலைகுனிந்து ஏதோ சொன்னாள். பஸ் வந்தது. டீச்சரம்மா ஏறவில்லை, அதைப் போகவிட்டார். அடுத்த பஸ்ஸும் வந்து நின்றுவிட்டுப் போனது.

"இந்தப் பிரேம்ல கறுப்பு இருக்குமா?" என்று கேட்டபடி ஒருவர் உள்ளே வந்தார். கடைக்காரம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.