காலர் வைத்த சட்டைகள்

கழுத்தில் மருந்து பூசியபோது தையல்காரிக்குச் சுருக்கென்று எரிந்தது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவளின் சங்கிலியை, வண்டியில் வந்த ஒருவன் அவள் வீட்டு வாசலிலேயே அறுத்துக்கொண்டு போயிருந்தான். காயத்தைவிட, தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஜன்னல்கூடத் திறக்காததுதான் அவளுக்கு உறைத்தது.

ஜன்னல்கள் திறக்கவில்லை, குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்துவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. ஸ்டேஷன் வாசல மட்டும் மிதிச்சிடாதீங்க. நம்ம தெருவுல அஞ்சு வருஷமா ஒரு கேஸ் கிடையாது. பேரு கெட்டா எவன் வீடு தேடி வருவான்?"

"மாடிக்கு வாடகைக்கு ஆள் வர்ற நேரம். அண்ணன் சொல்றதும் நியாயம்தானே?" என்றார் அவள் கணவர்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். செக்கச்செவேலென்று ஒரு கோடு. காலர் வைத்தால் சரியாக மறைந்துவிடும்.

மருந்து பூசிய விரல் அப்படியே நின்றது.

கொஞ்ச நாள் முன்னால், இந்த வெயிலில் எதிர்வீட்டு டீச்சர் காதுவரை ஏறும் காலர் வைத்துச் சட்டை கேட்டிருந்தார். அடுத்து மருந்துக்கடைக்காரர் மனைவி. அப்புறம் இதே தலைவரின் மருமகள். மூவருமே கழுத்தைச் சுற்றியிருந்த துணியை விலக்கவில்லை. பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தார்கள். புது நாகரிகம் வந்துவிட்டது என்று பூரித்துப்போய், மாதிரிக்கு ஒன்று தைத்துக் கடை வாசலில் தொங்கவும் விட்டிருந்தாள் இவள்.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"உங்களுக்கும் அறுத்தானா டீச்சர்?"

டீச்சர் கதவைப் பாதி மூடினார். "என் பேர இழுத்துடாதம்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சங்கிலியக் கழட்டி வச்சிருப்பேனே."

கோபமாகக் கேட்க நினைத்தாள், வரவில்லை. 'ரொம்பப் பத்திரமான தெரு' என்று சொல்லித்தானே காலையில் மாடிக்கு ஆள் பேசினாள். டீச்சர் அன்றைக்கே தன்னிடம் இப்படிக் கெஞ்சியிருந்தால் தானும் வாய்க்குப் பூட்டுதான் போட்டிருப்போம் என்று உள்ளே ஒன்று முனகியது. அதை முனக விட்டாள். வீட்டுக்கு வந்து கைப்பையை எடுத்தாள்.

"ஊரோட ஒத்துப்போகாம ஒத்த ஆளா என்னத்தக் கிழிக்கப் போற?" கணவர் வாசலை மறித்தார்.

"மாடிக்கு வர்றவளுக்கும் கழுத்து இருக்குங்க. தள்ளுங்க."

காவல் நிலையத்தில் ஏட்டு தெருப் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அங்கதான் ஒண்ணுமே நடக்காதேம்மா! அதான் ரோந்து வண்டியக்கூட முந்தின தெருவோட திருப்பிடுறோம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. திருடனுக்குத் தாங்களே வாசல் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. தலைவராக இருக்கும். கணவராகவும் இருக்கலாம். அடித்து ஓயட்டும் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேஸ் அவசியம்தானாம்மா? யோசிச்சுக்கோங்க" என்றார் ஏட்டு.

"யோசிச்சாச்சு சார். பேனாவ எடுங்க. தெருப் பேர நல்லாப் பெரிசா எழுதுங்க."