அம்சா பாடுவாள்

முப்பத்தாறு வயதில் இங்கிலீஷ் கிளாஸ் என்று கடை மேனேஜர் சொன்னபோது மங்கையர்க்கரசிக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் காஞ்சிபுரத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோயிலைப் பார்த்து முடித்ததும் நேரே பட்டுக் கடைக்குத்தான் வருவார்கள். அவள் வேலை பார்த்த கடையில் யாராவது ஒரு வெள்ளைக்காரம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்து ஏதாவது கேட்டால், மங்கை புடவையை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டிச் சிரிப்பாள். அதற்கு மேல் அவளுக்கு இங்கிலீஷ் வராது.

காந்தி ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், சாயங்காலம் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் கிருஷ்ணவேணி. எம்.ஏ. முடித்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் 'மிஸ்'தான்.

ஒருநாள் மிஸ் கரும்பலகையில் 'யூஸ்ட் டு' என்று எழுதினாள்.

"யூஸ்னா உபயோகிக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியும். இது அது இல்ல. முன்னாடி வழக்கமா ஒண்ணு செஞ்சிக்கினு இருந்தோம், இப்ப செய்யறதில்ல. அதைச் சொல்றதுக்குத்தான் இது. பின்னால வர்ற வெர்பை மாத்தாம அப்படியே போடணும். கேள்வி கேக்கும்போது மட்டும் 'டிட் யூ யூஸ் டு'ன்னு வரும். 'டிட்' வந்துட்டதால 'யூஸ்ட்'ல இருக்கற கடைசி எழுத்து போயிடும். சரி, ஒவ்வொருத்தரா சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு சொல்லுங்க. முதல்ல தமிழ்ல, அப்புறம் இங்கிலீஷ்ல."

செவிலிமேட்டிலிருந்து வரும் ஆட்டோக்காரர் பழனி எழுந்தார். "சின்ன வயசுல நாங்க பாலாத்துல குளிப்போம் மிஸ்."

"இங்கிலீஷ்ல?"

"வீ வில் பேத் இன் பாலார்."

"நாளைக்கா? தண்ணி எங்கண்ணா இருக்குது அதுல?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

மாடியே அதிரச் சிரித்தார்கள். பழனியும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"அண்ணன் மேல தப்பு இல்ல," என்றாள் மிஸ். "தமிழ்ல 'குளிப்போம்'னா நாளைக்குக் குளிக்கப்போறதுக்கும் அதுதான், அந்தக் காலத்துல குளிச்சதுக்கும் அதுதான். இங்கிலீஷ்ல ரெண்டையும் தனித்தனியா சொல்லணும். வீ யூஸ்ட் டு பேத் இன் த பாலார். இப்ப குளிக்கறதில்லன்னு அதுலயே வந்துடுது."

அதன்பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்ததைப் பழனி சொன்னார். கருட சேவையன்று விடியற்காலையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து குடை பார்த்ததை ஒருத்தி சொன்னாள். தியேட்டரில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்ததை இன்னொருவர் சொன்னார். இங்கிலீஷ் கொஞ்சமும் தமிழ் நிறையவுமாகப் பேச்சு எங்கெங்கோ போயிற்று. மிஸ் யாரையும் நிறுத்தவில்லை.

மங்கையின் முறை வந்தது. யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. "பிரதோஷத்துக்கு எங்க அம்சா கோயில்ல பாடுவா."

"அம்சா யாரு?"

"என் தங்கச்சி."

"சொல்லுங்க, இங்கிலீஷ்ல."

"மை சிஸ்டர்..." அவள் நின்றுவிட்டாள்.

"யூஸ்ட் டு சிங்," என்று பழனி எடுத்துக் கொடுத்தார்.

"அப்படின்னா இப்ப பாடறதில்லன்னுதான மிஸ் அர்த்தம்?"

"ஆமா. இப்பவும் பாடறாங்கன்னா 'சிங்ஸ்'னு சொல்லுங்க."

"பாடறாளா இல்லியான்னு எனக்குத் தெரியாது மிஸ்."

"வெளிநாட்டுல இருக்காங்களா?"

"வாலாஜாபாத்ல," என்றாள் மங்கை.

அரை மணி நேர பஸ். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மிஸ் அடுத்தவரை எழுப்பினாள்.

அம்சா பாடினால் அப்பா தறியை நிறுத்திவிடுவார். வீட்டில் வேறு எதற்கும் அந்தத் தறி நின்றதில்லை. பிரதோஷத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தில் அவள் பாட, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவது மங்கையின் வேலை. மங்கைக்குச் சுருதி சேராது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. தெருவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்க்க வாலாஜாபாத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். பெயர் தேவசகாயம். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகும் அவன் அந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தான். தொண்ணூறில் ஒருநாள் அம்சா அவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

"எனக்கு ஒரே பொண்ணு," என்று அப்பா அன்றிலிருந்து எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது, அம்சா தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மங்கை தன் கணவன் கலியாணசுந்தரத்திடம் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள்.

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மாமாவே போய்ட்டாரு. இன்னும் யாருக்குப் பயந்துக்கினு இருக்கற?" என்றான். "போய்ப் பாத்துட்டு வா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப்பூவும் காராசேவும் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினாள். ரைஸ் மில்லுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று வாலாஜாபாத்தில் ஒருவர் கை காட்டினார். கதவு திறந்திருந்தது.

"யாரு?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, பாதி காற்றாக. யாரோ வயதானவர் என்று மங்கை நினைத்தாள். முறத்தோடு வெளியே வந்தது அம்சா.

மங்கை பூப்பொட்டலத்தை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றாள் அம்சா. அதே கரகரப்பு.

"குரலுக்கு இன்னாடி ஆச்சு? சளியா?"

"கழுத்துல கட்டி வந்துச்சு. போன வருஷம் எடுத்தாங்க. அதுலேர்ந்து இப்படித்தான். பழகிப்போச்சு."

மங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாடறதில்லியா?"

"எங்கேர்ந்து? சர்ச்ல பாடிக்கினு இருந்தேன். முன்வரிசையில நிக்க வெப்பாங்க. இப்ப பின்னால போய் ஒக்காந்துக்கறேன்."

இத்தனை வருஷமும் அம்சா பாடியிருக்கிறாள். அரை மணி நேர தூரத்தில், யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். மங்கை அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். வகுப்பில் தன்னால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனதை அழுகைக்கு நடுவே சொன்னாள்.

அம்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைக் கேக்கத்தான் வந்தியா? இங்கிலீஷ் பாடத்துக்கு?" என்றவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அப்பா என்னியப் பத்திக் கேட்டாராக்கா?"

"வாயத் தொறந்து கேக்கல. ஆனா பிரதோஷத்தன்னிக்கு சாயங்காலம் தறியில ஒக்கார மாட்டாரு. கோயிலுக்கும் போக மாட்டாரு. சும்மா வாசலப் பாத்துக்கினு இருப்பாரு."

அம்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மங்கை அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு காராசேவைப் பிரித்தார்கள். டீ குடித்தார்கள். "நீ பாடுக்கா, கேக்கறேன்," என்றாள் அம்சா திடீரென்று.

"நானா? எனக்கு எங்கடி வரும்?"

"வர்ற வரைக்கும் பாடு."

மங்கை பிரதோஷப் பாட்டை எடுத்தாள். ரெண்டாவது அடியிலேயே தடம் புரண்டது. அம்சா ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினாள்: இன்னும் மேலே போகணும். மங்கை முயன்றாள்; குரல் பிசிறியது. அம்சா விரலை இன்னும் தூக்கினாள். கடைசியில் ரெண்டு பேரும் பாட்டை விட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து சைக்கிளில் வந்த தேவசகாயம், சட்டென்று அடையாளம் தெரியாமல் வாசலிலேயே தயங்கி நின்றான்.

அடுத்த வகுப்பில் மங்கை தானாகவே எழுந்தாள். "மை சிஸ்டர் யூஸ்ட் டு சிங்," என்றாள். "போய்க் கேட்டுட்டு வந்துட்டேன் மிஸ்."

கிருஷ்ணவேணி 'வெரி குட்' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தாள். பழனி நகர்ந்து உட்கார்ந்து மங்கைக்கு இடம் விட்டார்.

வகுப்பு அந்தக் கார்த்திகையோடு முடிந்தது. மருந்துக் கடை மாடி பிறகு செல்போன் கடையானது. கிருஷ்ணவேணி கல்யாணமாகி நெல்லூருக்குப் போய்விட்டாள். கற்றதில் பாதி மங்கைக்கு மறந்தும் போயிற்று. ஆனால் அடுத்து வந்த பொங்கல் மறக்கவில்லை. தேவசகாயமும் கலியாணசுந்தரமும் மங்கை வீட்டு முற்றத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்நாயகி கோலமாவுக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வந்துகிறாங்க, சொந்தக்காரங்களா?"

மங்கை பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"அக்கா, வெல்லத்த எங்க வெச்ச? பால் பொங்குது!"