பிராதில் ஒரு பெயர்

எண்டர் பட்டனைத் தட்டிய பிறகுதான் கொளஞ்சிநாதன் யோசித்தான். தட்டுவதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. கல்யாணம், கடை, மீசைக்கு அடித்த சாயம் என்று வாழ்க்கையின் பெரிய காரியங்கள் எல்லாமே அந்த வரிசையில்தான் நடந்திருந்தன.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அன்று மேஜையில் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று, மூடிப்போன டியூஷன் சென்டருடையது. துடைத்துச் சுத்தமாக்க வேண்டியது. இன்னொன்று, செராமிக் பேட்டையில் பொம்மை ஷெட் வைத்திருக்கும் பூங்கோதையுடையது. பத்திரமாக ஒரு காப்பி எடுத்துத் தரவேண்டியது. செருகிய டிஸ்க்குகளுக்கு மெஷினே பெயர் வைத்துக்கொள்ளும். டியூஷன் சென்டர் டிஸ்க்குக்கு எஸ்டிபி என்று வைத்திருந்தது. அதைப் பார்த்து மனதில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. திரும்ப எழுந்த மெஷின், பெயர்களை இடம் மாற்றி வைத்துவிட்டது. டீக்குப் பிறகு இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. டீ நன்றாக இருந்தது, அந்தத் தெம்பில் உட்கார்ந்து அடித்துவிட்டான்.

அடித்தது வைப்எஃப்எஸ் என்ற கமாண்ட். ஒரு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டது. டிஸ்க்கில் இருக்கும் அடையாளத்தை அழித்து, புதுசு மாதிரி ஆக்கிவிடும் என்றார்கள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று அடுத்த வீடியோவில் பார்ப்போம் என்றும் சொன்னார்கள். அந்த அடுத்த வீடியோ இன்றுவரை வரவில்லை.

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. விபத்து நடந்த இடத்தில் எல்லோரும் செய்வதைப்போல அவனும் முதலில் அதைப் போட்டோ எடுத்தான். பிறகுதான் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தான். ‘பூங்கோதை – கிளேஸ்’ என்றிருந்தது. மெஷினைக் கேட்டால், இந்த டிஸ்க்கில் ஒன்றுமே இல்லையே என்றது.

பொம்மைக்கு மேலே கண்ணாடி மாதிரி மினுங்குகிற பூச்சுதான் கிளேஸ். பூங்கோதை ஒன்பது வருஷமாக அதைக் கலந்து கலந்து, சில்லுகளில் தடவிச் சூளையில் வைத்துப் பார்த்தவள். அவள் ஷெட்டில் ஒரு சாக்கு நிறையச் சில்லுகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர். எந்த நம்பரில் என்ன கலந்தாள், எத்தனை டிகிரியில் வைத்தாள் என்ற விவரம் மொத்தமும் அந்த டிஸ்க்கில். பேப்பரில் எழுதிவைத்த நோட்டுகள் மழையில் ஊறிப்போன பிறகு, இனிமேல் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கம்ப்யூட்டருக்கு மாறினாள். அதற்கும் ஒரு காப்பி இருக்கட்டும் என்றுதான் இவனிடம் வந்தாள். பத்திரத்தைத் தேடி அவள் வந்து சேர்ந்த இடம் இது.

கொளஞ்சிநாதன் டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினான். பீரோவைப் பூட்டினான், கடையைப் பூட்டினான், வாயையும் பூட்டியிருக்கலாம்.

“கேபிள் சரியில்லம்மா” என்றான் முதல் நாள்.

“வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும்” என்றான் நான்காம் நாள்.

இடையில் ஊர் ஊராக விசாரித்தான். பாண்டிச்சேரியில், “கொண்டாங்க, பாக்கலாம்” என்றார்கள். சென்னையில், “கேஸைப் பொறுத்ததுங்க” என்றார்கள். கூடப் படித்த சேரன் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு, “ஒரு கஸ்டமர் டிஸ்க்கு எப்படியோ காலியாயிடுச்சு. வருமா?” என்று மெசேஜ் போட்டான். “எப்படியோன்னா எப்படி?” என்று சேரன் கேட்டதற்கு, “அது தெரியலடா” என்றான். “அப்ப எனக்கும் தெரியலடா” என்று பதில் வந்தது. உலகத்தில் ஒருத்தனும் நேராகப் பதில் சொல்வதில்லை என்று கொளஞ்சிநாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

எட்டாம் நாள் பூங்கோதை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணே, இருக்குதா இல்லியா? ஒரு வார்த்த சொல்லுங்க. போயிட்டே இருக்கேன்.”

அவன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்தான். “டிஸ்க்க... யாரோ அழிச்ச மாதிரி தெரியுதும்மா.”

பாதி உண்மையாவது சொன்னோமே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பூங்கோதையின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி இறங்கிப்போனது.

“நல்லமுத்து” என்றாள்.

“யாரும்மா?”

“வேற யாரு? முன்னாடி எங்கூட ஒரே ஷெட்டுல கூட்டு வேல பாத்த ஆளுதான். போன மாசம் சூளைய இரவல் கேக்குற மாதிரி வந்து, கம்ப்யூட்டர் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. என் பச்சைக் கிளேஸ் மேல அந்த ஆளுக்கு எப்பவும் ஒரு கண்ணு.”

“அவரா இருக்காதும்மா...”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நல்லமுத்துவே கடைக்கு வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, கைவிரல் இடுக்குகளில் காய்ந்த வெள்ளைக் களிமண். திட்டப்போகிறார் என்று கொளஞ்சிநாதன் ஸ்டூலைத் தனக்கும் அவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தான்.

“தம்பி, எனக்கு போன்ல அலாரம் வைக்கக்கூடத் தெரியாது. நான் போயி எதை அழிக்கிறது?” என்றார். பிறகு ஒரு மஞ்சள் பையிலிருந்து, ஓரம் கரிந்த நோட்டு ஒன்றை எடுத்தார். “ஆரம்பத்துல ரெண்டு பேரும் சேந்து கலந்தது. மொத நாப்பது நம்பர் இதுல இருக்குது. பூங்கோதைக்கிட்ட குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, வாங்காது.”

“நீங்களே குடுக்கலாமேண்ணே.”

“என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குது. பாவம், அது ஒண்டியா என்னா பண்ணும்?” என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பையோடு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் கொளஞ்சிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சோறு இறங்காத ஆளே இல்லை. தொண்டைவலியிலும் ரெண்டு தட்டு சாப்பிடுகிறவன்.

மறுநாள் காலை பூங்கோதை ஸ்கூட்டியில் வந்து ஹாரன் அடித்தாள்.

“ஏறுங்கண்ணே. மணவாளநல்லூர் போறோம். பிராது கட்டிடலாம்.”

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்த ஊர்க்காரர்களுக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு முந்தின ஏற்பாடு. நடந்ததையும் எதிராளி பெயரையும் தாளில் எழுதி, மடித்து, கோயிலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரித்துக்கொள்வார். காரியம் முடிந்தால் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

“நான் எதுக்கும்மா?”

“எழுதத்தான். என் எழுத்து எனக்கே புரியாது. உங்க பில்லைப் பாத்திருக்கேன், எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குது. அதோட உங்க பேரே சாமி பேரு. சாமி கொஞ்சம் சீக்கிரம் படிப்பாரு.”

பெயர் காரணத்தோடு வைத்ததுதான். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அவன் அம்மா அங்கே பிராது கட்டிப் பெற்ற பிள்ளை அவன். இப்படி ஒரு பிள்ளைக்காகவா கேஸ் எடுத்தோம் என்று சாமி இந்நேரம் பழைய ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார்.

மஞ்சள் பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். வழியில் இறங்கிக்கொள்ள மூன்று தடவை நினைத்தான். முதல் வேகத்தடையில் தைரியம் வரவில்லை. இரண்டாவதில் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. மூன்றாவது வருவதற்குள் கோயில் வந்துவிட்டது.

கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஸ்கூட்டி சீட்டின் மேல் தாளை வைத்தார்கள். பூங்கோதை சொல்லச் சொல்ல எழுதினான்.

“சாமி, ஒம்பது வருஷமா நான் சூளை வச்சுக் கண்டுபுடிச்ச முன்னூத்தி நாப்பது கலவையும் ஹார்டு டிஸ்க்கோட அழிஞ்சு போச்சு. எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“சில்லு எல்லாம் கையில இருக்குது, எது எதுன்னு தெரியல. பெத்த புள்ளைங்க வரிசையா நிக்குது, பேரு மறந்து போன மாதிரி நிக்கிறேன் சாமி.” தாள் பறக்காமல் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “இதைச் செஞ்சவன் பேரு, ரெண்டு புள்ளி வச்சு, எழுதுங்க.”

அவன் இரண்டு புள்ளி வைத்தான். பேனா அங்கேயே நின்றது. நல்லமுத்துவின் விரல் இடுக்கில் இருந்த களிமண் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு குனிந்து எழுதி முடித்துத் தாளை அவளிடம் நீட்டினான்.

பூங்கோதை வாங்கிப் படித்தாள். “என்னாண்ணே, உங்க பேர இங்க எழுதிட்டீங்க? எழுதிக் குடுத்தவங்க பேரு அடியிலல்ல வரும்?”

“சரியான எடத்துலதாம்மா எழுதியிருக்கேன்.”

டீயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கரண்ட், இடம் மாறின பெயர், எண்டர் பட்டன், கேபிள் பொய், யாரோ என்ற பொய். கடைசியாக மஞ்சள் பையை எடுத்து வைத்தான். “இதை நல்லமுத்தண்ணன் குடுத்தாரு. சொல்லாதேன்னாரு. இத்தினி நாளா சொல்ல வேண்டியதச் சொல்லல, இப்ப சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன்.”

பூங்கோதை நோட்டைப் பிரித்தாள். கரிந்த ஓரத்தை விரலால் தடவினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மூணு நாளு” என்றாள் கடைசியில். “மூணு நாளா அந்த மனுசன நடுத்தெருவுல திட்டிக்கிட்டிருந்தேன்.” பிராதுத் தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். “சரி. போனது திரும்ப வருமா, வராதா?”

“தெரியலம்மா. யாரைக் கேட்டாலும் நேரா சொல்ல மாட்டேங்குறாங்க.”

“நீங்க நேரா கேட்டீங்களா?”

அவன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

“போனைப் போடுங்க. என் முன்னாடி கேளுங்க. இதைக் கட்டுறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்.”

ஷார்ஜாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினான்.

“சேரா, அன்னிக்குக் கேட்டேன்ல, கஸ்டமர் டிஸ்க்கு. அது எப்படியோ காலியாகலடா. நான்தான் பண்ணேன். வைப்எஃப்எஸ் அடிச்சேன், முழு டிஸ்க்கு மேல. என்னா அழிச்சேன்னு அதுவே ஒரு வரி போட்டுச்சு. அந்தப் போட்டோவ அனுப்புறேன் பாரு.”

போட்டோ போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு.

“மடையா, இதை மொத நாளே அனுப்பியிருக்கலாம்ல? அதுக்கப்புறம் அந்த டிஸ்க்குல ஏதாவது எழுதினியா? ஃபார்மேட்டு, ரெக்கவரி, ஏதாவது?”

“பயத்துல தொடவே இல்லடா. துணி சுத்தி பீரோல வச்சுட்டேன்.”

பதினோரு நாளில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதுவும் கோழைத்தனத்தால் செய்தது.

பூங்கோதை போன் பக்கமாகக் குனிந்தாள். மடித்த தாள் அவள் கைக்குள் கசங்கியது.

கொளஞ்சிநாதன் நேராகவே கேட்டான்: “சேரா, கேஸைப் பொறுத்ததுன்னு சொல்லாத, பாக்கலாம்னு சொல்லாத. வருமா, வராதா?”

“வரும்டா. நீ அழிச்சது ரெண்டே ரெண்டு பைட்டு. வூட்டு வாசல்ல இருந்த பேர்ப்பலகையத்தான் கழட்டியிருக்க, வூடு அப்படியே இருக்குது. எந்த எழுத்து, எந்த எடத்துல இருந்துச்சுன்னு இந்தப் போட்டோவுலயே இருக்குது. திரும்ப எழுதி வச்சா போதும். எல்லாம் வரும்.”