பாதி கிழிந்த ஜவ்வு

நாய் செவத்தி கூட இருந்தால் சடையனுக்குக் கண்ணே வேண்டாம் என்று அம்மணி சொல்வாள். அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. நெல் அறுத்த வயல்களில் எலி பிடிப்பது அவள் புருஷன் சடையனின் தை மாதத்து வேலை. வளையை மோந்து பார்த்த செவத்தி இரண்டு முன்னங்காலாலும் மண்ணைப் பறித்தால் உள்ளே எலி. காதை மடக்கிப் பின்னால் நகர்ந்து தொண்டைக்குள்ளேயே உறுமினால் உள்ளே பாம்பு. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த நாய் தப்பாகச் சொன்னதில்லை. அதை நம்பித்தான் அவன் வளைக்குள் தோள்வரை கையை விட்டான். அதை நம்பித்தான் அம்மணியும் பயமில்லாமல் உப்புத்தண்ணி ஏரிக்கு இறால் தடவப் போனாள்.

அப்பேர்ப்பட்ட நாய், அனுப்பம்பட்டுப் பக்கம் ஒரு வயலில், தப்பிய எலியைத் துரத்தி வரப்பைத் தாண்டும்போது பின்னங்காலை ஒரு குழியில் விட்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஒரே ஒரு தரம் கத்தியது. சடையன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். அம்மணி தகவல் தெரிந்து ஈரப் புடவையோடு போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் மோகனப்பிரியா சின்னப் பெண். நாயைப் படுக்கவைத்து முட்டியைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். முட்டிக்குள் கயிறு மாதிரி ஒரு ஜவ்வு இருக்கிறது, அது பாதி கிழிந்திருக்கிறது என்றார். எடை பதினாலு கிலோதான், அதனால் நம்பிக்கை உண்டு. ஆனால் இரண்டு மாதம் கட்டியே போட வேண்டும். ஓடக்கூடாது, தாவக்கூடாது, ஒன்றுக்குப் போகக்கூடக் கயிற்றைக் கையில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். மீதிப் பாதியும் போய்விட்டால் அப்புறம் பேச்சே வேறு என்றும் சொன்னார்.

மனுஷனுக்குச் சொன்னாலே கேட்க மாட்டான், நாய் கேட்குமா? தோணிரேவு கிராமத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் குடிசைக்குப் பின்னால் வேலிக்காத்தான் மரத்தில் செவத்தியைக் கட்டினார்கள். முதல் வாரம் குரைத்தது. இரண்டாம் வாரம் ஊளையிட்டது. அப்புறம் சத்தமே போடாமல் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்துவிட்டது. ஆனாலும் கால் தேறிக்கொண்டுதான் வந்தது. முதலில் நகம் மட்டும் தரையைத் தொட்டது, பிறகு பாதம் பதிந்தது. சடையன் தினமும் காலையில் அந்தப் பாதம் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினான்.

அம்மணி செய்த தப்பை வேறு ஊர்க்காரி யாரும் செய்திருக்க மாட்டாள். அவள் இருபது வருஷமாக முட்டியில் நடந்து பிழைப்பவள். இறாலைப் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பாள். கரையில் அவளுக்கு உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தண்ணீருக்குள் போய்விட்டால் ஒரு நோவும் தெரியாது, பன்னிரண்டு வயசுப் பெண்ணாகிவிடுவாள். அவளோடு தடவும் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். முட்டி நோவுக்கு மருந்து ஏரிதான் என்பது அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம்.

நாற்பத்தைந்தாம் நாள் சடையன் சுண்ணாம்புக்குளம் பக்கம் கருவேல் வெட்டப் போயிருந்தான். அம்மணிக்கு மனசு கேட்கவில்லை. செவத்தியை அவிழ்த்துக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டாள். நாய் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நீந்தியது. ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அதன் முகத்தில் களை வந்தது. மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் இப்படிக் கூட்டிப்போனாள். தான் டாக்டருக்கே டாக்டர் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது அவளுக்கு.

நாலாம் நாள் தண்ணீர் வற்றி இறங்கியிருந்தது. நீந்த ஆழமில்லை. செவத்தி தரையில் கால் ஊன்றியது. பக்கத்தில் ஒரு நண்டு அசைய, சடக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது. பின்னங்கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது. சேறு விடவில்லை. அம்மணி நாயின் வயிற்றைப் பிடித்திருந்தாள். உள்ளே எதுவோ விட்டுப்போனது அவள் கைக்கே தெரிந்தது. நாய் கத்தவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் கையை நக்கியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேலை முடிந்து வந்த சடையனிடம், தூங்கி எழுந்ததிலிருந்து காலைத் தூக்கியே வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அவளும் பின்னாலேயே போனாள்.

முட்டியை அசைத்துப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. கட்டியேதான் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். கட்டியேதான் என்று சடையன் சொன்னான். சில நாய்களுக்கு எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் இப்படி ஆவதுண்டு, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றார் டாக்டர். அம்மணி சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜவ்வு முழுசாகப் போய்விட்டது, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பை வெட்டித் தகடு வைக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். சடையன் கேட்டது ஒரே கேள்வி.

"பழயபடி வயல்ல எறங்குமாம்மா?"

"ஆபரேஷன் பண்ணா நல்லா நடக்கும். கொஞ்சம் ஓடக்கூட ஓடும். ஆனா வரப்பு தாண்டுறது, சடார்னு திரும்புறது, அதெல்லாம் இனிமே வேணாம். இன்னொரு பின்னங்காலும் இதே மாதிரி போவ வாய்ப்பிருக்கு. அதையாவது காப்பாத்தணும்."

எலும்பை வெட்டுவது என்றதும் சடையன் நாயை அணைத்துத் தூக்கிக்கொண்டான். ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் பட்டணத்துக்கும் ஊருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அது தங்களால் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். கால் விறைத்து, விரல் நுனி மட்டும் தரையில் படும்படி நின்றுபோனது. முட்டி ஒரு பக்கம் தடித்தது. செவத்தி மூன்று காலில் குடிசையைச் சுற்றி வந்தது.

அடுத்த தை வந்தது. வெயில் ஏறுமுன் சடையன் கடப்பாரையை எடுத்தான். இரும்புச் சத்தம் கேட்டதும் செவத்தி எழுந்து தத்தித் தத்தி அவனுக்கு முன்னால் போய்ப் பாதையில் நின்று வாலை ஆட்டியது. அவன் அதை மெல்லக் காலால் ஒதுக்கினான். அது மறுபடியும் முன்னால் வந்து நின்றது. பிடித்துக்கொள் என்று அம்மணியிடம் சொன்னான். அவள் ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் பத்து மாதமாக மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது.

"நான்தான்யா. ஏரில எறக்கி வுட்டேன். சேத்துல கால் மாட்டிக்கிச்சு."

சடையன் கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"தெரியும். நகத்துக்குள்ள ஏரிச் சேறு இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே தொடச்சி வுட்டேன். அந்தம்மா பாத்தா உன்னத் திட்டும்னு."

"உனுக்குக் கோவம் வர்லியா?"

"வந்துச்சு," என்றான். "இன்னா பண்றது. உனுக்கு நோவுனா நீ தண்ணிலதான போயி நிக்கிற. அதுக்கும் அதத்தான செஞ்ச."

திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவன் வரப்பு வழியே தனியாக நடந்தான். செவத்தி அவன் போன பக்கமே உடம்பு முழுசையும் இழுத்தது. மூன்று காலில் அவ்வளவு பலம் இருந்தது அதற்கு. அம்மணி முட்டி கடுக்க மண்ணில் மண்டியிட்டு, அதன் வயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அழுதாள். இன்றைக்கு எந்த வளையில் கையை விடப்போகிறானோ, உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

அவன் பொழுது சாய்ந்து திரும்பி வரும்வரை அவள் ஏரிக்குப் போகவில்லை.