நடுவிலிருந்து எழுபத்தைந்து அடி

காலை ஏழு நாற்பதுக்கு வாய்க்கால் பாலத்தின் கிழக்கு முனையில் டேப்பை வைத்தார்கள்.

தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. ஜல்லியும் போய்விட்டது. கரை மண்ணை லாரிகள் அள்ளிய பிறகு தெற்கு வடக்காகப் பாதை இருந்த இடம் புல்மேடாகக் கிடந்தது. எல்லைக் கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய சின்னங்களில் பாக்கி இருந்தது இந்தப் பாலம் மட்டும்தான்.

அதே தடத்தில் இப்போது அகலப்பாதை வரப்போகிறது. ரயில்வே இன்ஜினியர் பாசித் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வரைபட நகல் வைத்திருந்தார். 1876ஆம் வருடத்தியது. அன்றைய சர்க்கார் ரயில் கம்பெனிக்கு இலவசமாகக் கொடுத்த நிலம் அதில் இரண்டு கோடுகளுக்குள் இருந்தது. பாதையின் நடுவிலிருந்து இருபுறமும் எழுபத்தைந்து அடி. அதற்குள் எந்தச் சுவர் நின்றாலும் ஆக்கிரமிப்பு.

பாலத்துக்குக் கிழக்கே அண்ணாதுரை வீடு. மேற்கே நேர் எதிரில் அக்னஸ் வீடு. இரண்டு முன்சுவர்களுக்கும் இடையே நூற்று நாற்பத்து நான்கு அடி. முந்தின நாள் அண்ணாதுரை கயிறு போட்டுப் பார்த்திருந்தார். ரயில்வேக்கு வேண்டியது நூற்றைம்பது. ஆறடி குறைந்தது. அந்த ஆறடி எந்த வீட்டில் போகும் என்பது நடு எங்கே விழுகிறது என்பதில் இருந்தது.

அண்ணாதுரை வீட்டு முன்னறையில் மகள் செம்மொழி கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள். புருஷனை விட்டு வந்த பிறகு அவளுக்கும் பிள்ளைக்கும் அதுதான் சோறு. அக்னஸ் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். குடவாசல் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்சுவரை இடித்தால் மேல்தளம் நிற்காது. இரண்டு வீட்டுக்கும் அதே கதிதான்.

விடிந்ததும் அண்ணாதுரையின் மனைவி அம்சம் அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "நீங்க எதையும் இழுத்துப் போட்டுக்க வேணாம். அவங்க அளக்க வந்திருக்காங்க, அளந்துட்டுப் போகட்டும்."

இப்போது அம்சமே வாசலில் நின்று பாசித்திடம் யார் யாருக்குக் கொடுத்த நிலம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பாசித் பொறுமையாகச் சொன்னார்.

"சும்மா வந்த நிலத்துக்கா சார் இவ்வளவு கறாரு?"

"சும்மா வாங்குனது கம்பெனிம்மா. வெயில்ல அளக்குறது நான்."

டேப் பிடித்த ஆள் சிரித்தார். அம்சம் சிரிக்கவில்லை.

பாதைக்குக் குறுக்கே, கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு, பாலம் முப்பது அடி அகலம் இருந்தது. பாதியில், பதினைந்தாவது அடியில், பாசித் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு அண்ணாதுரையைப் பார்த்தார். அவர் இந்தப் பாதையில் இருபத்து மூன்று வருடம் தண்டவாளம் பராமரித்த கேங்மேன் என்பதை ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நடு இதுதானே?"

அண்ணாதுரை கோட்டைப் பார்த்தார். தண்டவாளத்தின் நடு அங்கே இல்லை. அங்கிருந்து கிழக்கே ஆறடியில் இருந்தது.

கம்பெனி கட்டிய பாலம் பதினெட்டு அடிதான்; தண்டவாளம் அதன் நடுவில் ஓடியது. தொண்ணூற்று நாலில், ரயில் வரும்போது லைன் பார்க்கும் தள்ளு டிராலியை இறக்கி வைக்க இடம் வேண்டும் என்று மேற்கே பன்னிரண்டு அடி நீட்டினார்கள். பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று பழையது புதியது எல்லாவற்றுக்கும் சேர்த்து சிமெண்ட் பூசி வெள்ளையடித்தார்கள். ஒட்டு தெரியாமல் போயிற்று. அடியில் குனிந்து பார்த்தால் தெரியும்: பாதி செங்கல் வளைவு, பாதி கான்கிரீட் பலகை. ஆனால் ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாய்க்கால் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

அந்த வேலையில் ஜல்லி சுமந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணாதுரை. இன்னொருவர் அக்னஸின் கணவர் ரெமிஜியஸ். அவர் இறந்து மூன்று வருடம்.

பாசித் காத்திருந்தார். செம்மொழி உள்ளே யாருக்கோ பட்டா மாறுதல் விண்ணப்பத்தைப் படித்துக் காட்டும் சத்தம் கேட்டது.

"நுனிய நான் பிடிக்கிறேன் சார்," என்றார் அண்ணாதுரை.

குனிந்து, சாக்பீஸ் கோட்டின்மேல் டேப்பை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

முதலில் கிழக்கே இழுத்தார்கள். எழுபத்தைந்து அடி அவர் வீட்டுச் சுவரில் போய் முடிந்தது. இந்தப் பக்கம் சரி என்று டேப் ஆள் கத்தினார். அம்சம் உள்ளே போய்விட்டார்.

பிறகு மேற்கே. அண்ணாதுரை விரலை எடுக்கவில்லை. அக்னஸ் கதவைத் திறந்துவிட்டு, தைத்து அடுக்கியிருந்த சட்டைகளை நகர்த்தி டேப்புக்கு வழி விட்டார். டேப் வாசலைத் தாண்டியது. அறைக்குள், முதல் மெஷினின் காலடியில், சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு விழுந்தது.

பாசித் பாலத்துக்குத் திரும்பி வந்து, தன் பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். அக்னஸ் பின்னாலேயே வந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. வீடு முழுக்கவா போகும் என்று கேட்டார். நோட்டீஸ் வரும், முப்பது நாள் இருக்கும் என்றார் பாசித். ஆட்சேபணை இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லலாம், சாட்சி இருந்தால் மறுபடி அளக்கலாம், கையெழுத்தாகிவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார்.

"எனக்கு அளவெல்லாம் தெரியாதுங்க," என்றார் அக்னஸ்.

பாசித் தாளை அண்ணாதுரையிடம் நீட்டினார். நடு இன்ன இடம் என்று காட்டிய சாட்சி என்று எழுதி, கீழே அவர் பெயர் போட்டிருந்தது. தான் எதையும் காட்டவில்லை என்று சொல்ல நினைத்தார். சொன்னால் அடுத்த கேள்வி வரும். பேனாவை வாங்கினார். விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அக்னஸ் தாளைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். துணியை வெட்டுவதற்கு முன்னால் பார்ப்பதுபோல.

பேனா முனை தாளில் இருந்தது.

"அண்ணே, நீங்களும் அவரும் இந்தப் பாலத்துல வேலை பார்த்தப்ப நான்தானே தினம் சோறு கொண்டாந்தேன். எந்தப் பக்கத்தைண்ணே நீட்டிக் கட்டுனீங்க?"