கதவு திறந்திருந்த காலைகள்

ஐசக்குக்கு ராத்திரி டூட்டி. டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊர் தூங்கும் நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரைக்காரரை பம்பாய்க்காரரோடும் கல்கத்தா மகனைக் காரைக்குடி அம்மாவோடும் சேர்த்துவிட்டு, விடிந்ததும் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் திரும்புவான். எதிரே வரும் வண்டிகளில் ஆபீஸ் கூட்டம் வாசலில் தொங்கிக்கொண்டு போகும். இவன் வண்டியில் காலை நீட்டிப் படுக்கலாம்.

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக நடந்து, இரும்புலியூரில் தன் தெருமுனை திரும்பியதும் அவன் கண் நேராகக் கதவுக்குத்தான் போகும். பூட்டியிருந்தால் பியூலா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தட்டால் மூடிய இட்லி ஆறிப்போய் இருக்கும். அவள் குளித்த சோப்பு வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதை முகர்ந்துகொண்டே தூங்கிப்போவான்.

கதவு திறந்திருந்தால் இன்றைக்கு அந்த நாள்.

இருவருக்கும் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. பியூலா தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஊரிலிருந்து வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்கும் முன்பே அவள் வயிற்றைப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் கோயிலில் இரண்டு அம்மாக்கள் அவள் தலையில் கைவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஜெபித்தார்கள். ஞானஸ்நானம் இருக்கிற ஞாயிறுகளில் அவள் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்வாள்.

ஐசக்கை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் அவனுக்கு ஆசை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. ஒருமுறை டெல்லியில் இருந்த ஒருவருக்குத் திருச்சியிலிருந்து ஒரு கால் போட்டுக்கொடுத்தான். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் கேட்டபோது, ஒரு கிழவர் குரல் நடுங்க, “பையன்டா, பையன் பொறந்திருக்கான்” என்று கத்தினார். டெல்லியில் இருந்தவர் விக்கி விக்கி அழுதார். ஐசக் போர்டில் லைனைக் கேட்கும் விசையை மூட மறந்து அந்த அழுகையை முழுக்கக் கேட்டுவிட்டான். அதை அவன் பியூலாவிடம் சொல்லவில்லை.

எழுபதாம் வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு பியூலா தானாகவே டாக்டர் ரமாவைப் போய்ப் பார்த்தாள். பிறகு இருவரும் போனார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்து, இரண்டு பேர் உடம்பிலும் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மாதத்தில் கரு தங்கக்கூடிய நாள்கள் கொஞ்சம்தான், அவை தப்பிப்போகின்றன என்றார். அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுந்திருக்காமல், வாயில் ஒரு வாய் தண்ணீர்கூட ஊற்றாமல், நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். கருமுட்டை வெளியே வந்ததும் உடம்பு லேசாகச் சூடேறும்; கரு தங்கிவிட்டால் அந்தச் சூடு இறங்காது. சிலருக்கு அதற்கு முன்னால் ஒரு நாள் சூடு கொஞ்சம் இறங்கும். ஏறிய பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அதற்கு முந்தின நாள்களை விட்டுவிடக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு டாக்டர் ஐசக்கிடம், எங்கே வேலை என்று கேட்டார். ராத்திரி டூட்டி என்றதும் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

பியூலாவுக்குச் சூடு இறங்குவது பளிச்சென்று தெரிந்தது. அப்படித் தெரிகிற காலையில் அவள் பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள்.

முதல் இரண்டு மாதம் அது ஐசக்குக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. மனைவி வீட்டில் இருக்கிறாள், பகல் முழுக்க இருக்கிறாள். ஆனால் போகப்போக அந்தக் கதவைப் பார்த்தாலே அவன் நடை மெதுவாயிற்று. உள்ளே ஜன்னல் சாத்தியிருக்கும். விரிப்பு மாற்றியிருக்கும். சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்குப் பதில், களைப்பா இருக்கா என்று கேட்பாள். களைப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. முடிந்ததும் இடுப்புக்கடியில் தலையணையை வைத்துக்கொண்டு, உத்திரத்தைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் அவன் பேச வாயெடுத்தால், “கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்” என்பாள். முன்பெல்லாம் அவள் அப்படி இருந்ததில்லை. முன்பு அந்த நேரத்தில்தான் அவள் நிறையப் பேசுவாள், பள்ளிக்கூடத்துக் கதை, அவள் அண்ணன் கதை, எல்லாம்.

வீட்டுச் சொந்தக்காரி செல்லியம்மாள் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டு இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஐசக்கை நிறுத்தி, “இன்னா சார், டீச்சருக்கு மாசாமாசம் ஒடம்பு சரியில்லாம பூடுது. நல்ல டாக்டரா பாத்து இட்டுகினு போ சார்” என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

மாதம் திரும்பும், மறுபடியும் தூரம் வந்துவிடும். பியூலா குளித்துவிட்டுத் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு அவன் தட்டில் சோறு போடுவாள். அவன் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்புவான்.

அந்த வருஷம் புரட்டாசி மாதத்தில் அவள் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அவன் டூட்டிக்குக் கிளம்பும்போது, உடம்பு சொல்கிறது, நாளைக்குத்தான் இருக்கும் என்றாள். முதல் வண்டியைப் பிடித்து வந்துவிட்டால் பள்ளிக்குப் போவதற்குள் நேரம் இருக்கும் என்றாள். அவனும் சரியென்று போனான்.

முதல் வண்டியைப் பிடிக்கத்தான் செய்தான். சைதாப்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றது. மேலே மின்கம்பி அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது கிளம்பும், அப்போது கிளம்பும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் தண்டவாளத்தில் குதித்து கிண்டி வரைக்கும் நடந்தான். அங்கே பஸ்களில் கால் வைக்க இடமில்லை. படியில் தொங்கிக்கொண்டு பல்லாவரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, தெருமுனை திரும்பும்போது நல்ல வெயில். கதவு பூட்டியிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தான். விரிப்பு மாற்றியிருந்தது. தலையணை அவனுக்காக உதறி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலை யாரோ வேகமாகத் திறந்துவிட்டுப் போனதுபோலக் கொக்கி மாட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவனால் படுக்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாதவர். கண்டிப்பானவர். அவர் எதிரே நின்றதும், வழியெல்லாம் யோசித்து வந்தது எல்லாம் மறந்துபோய், பியூலாவின் அம்மா சீரியஸ் என்று தந்தி வந்திருப்பதாக வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் உடனே எழுந்தார். பியூலாவை வரவழைத்தார். கூடவே ஓய்விலிருந்த டீச்சர்களையும் கூப்பிட்டார். எல்லாரும் வட்டமாக நின்று, ஊரில் நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பியூலாவின் அம்மாவுக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். பியூலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஐசக் கண்ணை மூடிக்கொண்டான். திறக்கப் பயமாக இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் உண்மையைச் சொன்னான். பியூலா அவனை அடித்துவிடுவாள் போலப் பார்த்தாள். பிறகு நடுரோட்டில் நின்று அழத் தொடங்கினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்ததால் அவளை ஸ்டேஷன் எதிரே இருந்த ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரை போட்ட ஃபேமிலி ரூமில் உட்காரவைத்தான். காபி வந்தது. அவள் தொடவில்லை.

அம்மா சாவதாகச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்டாள். இந்த நாளை விட்டால் நீ ஒரு மாதம் சிரிக்கமாட்டாய், அதனால்தான் என்றான். அப்படியானால் வாங்க வீட்டுக்கு, நேரம் போகிறது என்று எழுந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

“உக்காரு பியூலா. உன்கூட ஒரு காபி குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?”

“இப்போ அதுவா முக்கியம்?”

“எனக்கு அதுதான் முக்கியம். கதவு திறந்திருக்கிற அன்னைக்குத்தான் நீ எனக்குக் கிடைக்கிற. அன்னைக்கும் என்னைப் பாக்காம மேல பாத்துக்கிட்டே கிடக்குற. உன்னைப் பாக்கணும்னு எனக்குத் தோணுறதுக்கும் ஒரு நாள் குறிக்கணுமா?”

பியூலா உட்கார்ந்தாள். காபியில் ஆடை கட்டிவிட்டது.

“உங்களைப் பாத்தா எனக்கு அழுகை வந்துரும்ங்க,” என்றாள் கடைசியில். “இந்த மாசமும் உங்களுக்கு ஒண்ணும் குடுக்க முடியாமப் போயிருமோன்னு. அதான் மேல பாத்துக்குவேன்.”

அவனுக்கு அது தெரியாது. இத்தனை மாதமாக அவள் தன்னை ஒரு மருந்து மாதிரி நினைக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான். மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சப்ளையர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தபோதும் விடவில்லை.

பிறகு வீட்டுக்குத்தான் போனார்கள். அன்றைக்கு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தலைமையாசிரியை ஜெபத்தின் நடுவில் அம்மாவின் பெயரை மாற்றிச் சொன்னதை நினைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மாதமும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஐசக் சும்மா இருக்கவில்லை. பகல் டூட்டி பார்க்கும் கஸ்தூரிரங்கனைத் தனியாகக் கூப்பிட்டு, காரணத்தை மறைக்காமல் சொல்லி, டூட்டி மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தான். கஸ்தூரிரங்கன் கேலி செய்யவில்லை. தனக்கும் ராத்திரி டூட்டிதான் வசதி, பகலில் கீழ்க்கட்டளைப் பக்கம் மனை காட்ட ஆள்களைக் கூட்டிப்போகலாம் என்றான். சூப்பர்வைசரிடம் அவனே பேசினான்.

அப்புறம் காலையில் இருவரும் ஒரே படுக்கையில் கண் விழித்தார்கள். தெர்மாமீட்டரை உதறி அவள் வாயில் வைப்பது இவன் வேலையாயிற்று. அவள் பேச முடியாமல் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வேண்டுமென்றே ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பான். அவள் கண்ணால் அதட்டுவாள். சூடு இறங்குகிற நாளும் வந்தது, இறங்காத நாளும் வந்தது. இரண்டிலும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள்.

அப்படியும் அது சுலபமாக வாய்க்கவில்லை. ஒரு மாதம், ஏறிய சூடு இறங்காமல் நாள் தள்ளிப்போயிற்று. பியூலா யாரிடமும் சொல்லாமல் மெதுவாக நடந்தாள், மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு காலையில் பாதரசம் இறங்கியிருந்தது. மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை துணியையும் கிணற்றடியில் துவைத்தாள். ஐசக் நீர் இறைத்துக் கொடுத்தான். செல்லியம்மாள் வந்து பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

மறு வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது மறுபடி ஏறிய சூடு இறங்கவில்லை. இந்தத் தடவை அவன் பாதரசத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். நாள் கடந்து, அடுத்த மாதமும் பிறந்த பிறகுதான் டாக்டரிடம் போக அவளுக்குத் தைரியம் வந்தது. கூட வருகிறேன் என்றான். வேண்டாம், இல்லையென்று சொல்லிவிட்டால் உங்கள் முகத்தை அங்கே வைத்துப் பார்க்க முடியாது என்றாள்.

அன்று மத்தியானம் போர்டில் நெரிசல். சூப்பர்வைசர் வந்து அவன் தோளைத் தட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கேட்கிறார்கள், சீக்கிரம் பேசி முடி என்றார். ஐசக் லைனை எடுத்தான். எத்தனையோ ஊர்க்காரர்களின் குரலைக் கேட்டிருந்தவன், போனில் மனைவியின் குரலைக் கேட்டதே இல்லை.

“நான்தாங்க,” என்றாள்.

“சொல்லு.”

“டாக்டரம்மா ஆமான்னு சொல்றாங்க.”

அதற்கு மேல் லைனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் பஸ் ஹார்ன், யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம். பக்கத்து ஆபரேட்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவன் போர்டில் சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஐசக் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.