உறை மாறிய நானூறு சிடிகள்

"வயலின்னு போட்டிருக்கு, தட்டினா புல்லாங்குழல் ஊதுது! என்னத்த ஏத்தின நீ?"

"உறையில இருந்த பேரைத்தானப்பா போட்டேன்!"

"கேட்டுப் பார்க்கறதுக்கென்ன? காது கம்மல் மாட்ட மட்டுமா?"

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் மகளும்தான். நான் ஒட்டுக்கேட்கவில்லை; சுவர் மெல்லிசு. டாக்டரின் சிடி பிளேயர் பழுதாகிவிட்டது. அடுத்த மாதம் கல்யாணமாகிப் போகும் மகள், அதற்குள் அப்பாவின் நானூறு சிடிகளையும் போனில் ஏற்றிக் கொடுத்துவிட நினைத்தாள். மனிதரோ கேட்டு முடித்த சிடியை, அடுத்து எடுக்கும் சிடியின் உறையில் செருகும் ரகம். எது எதில் இருக்கிறதென்று அவருக்கு மட்டுமே மனப்பாடம்.

"பேரை மாத்தித் தொலைங்க, ரெண்டு பேரும்!" என்றார் டாக்டரின் மனைவி.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார்கள். ஐந்து நொடி கேட்டதுமே என்ன பாட்டென்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் அதன் கதையை அளப்பார் அப்பா. மகள் சிரித்தபடி பெயரை மாற்றுவாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முடித்தார்கள்.

அவள் இப்போது வேறு ஊரில். கதையெல்லாம் அவள் ஏற்கெனவே கேட்டாயிற்று என்பதால், டாக்டர் பாட்டு கேட்டதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கதை சொல்கிறார். மாப்பிள்ளையும் "அப்படியா மாமா" என்று கொட்டாவிக்கு நடுவே கேட்டுக்கொள்கிறாராம். மகளே என்னிடம் சொன்னாள்.